காணாமல் போனவருக்கு எந்தக் குரல்?

ஒலிபெருக்கித் தொழிலில் இரண்டே இரண்டு குரல்தான் உண்டு: ஒன்று கலியாணவீட்டுக் குரல், மற்றது செத்தவீட்டுக் குரல். மைக் பிடித்துத் தொண்டை கட்டி, கொத்தமல்லித் தண்ணி குடித்துத் திரிகிற என்னைப் போன்ற பாவப்பட்ட சீவன்களே, உங்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் நாங்கள் சும்மா நின்று கத்துகிறோம் என்றுதான் நினைக்கிறார்கள்.

எனக்குப் பதினேழு வயது. கடலோரக் குருநகரில் சிவம் அண்ணையின் ஒலிபெருக்கிக் கடையில் அறிவிப்பாளர். அவர் என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். பாதர் பிரசங்கத்தில் மூக்கால் இழுக்கிறது, விதானையார் பல்லைக் கடித்துக்கொண்டு கதைக்கிறது, மினிபஸ் கொண்டக்டர் "உள்ளுக்கை போ, உள்ளுக்கை போ" என்று குரைக்கிறது எல்லாம் எனக்கு அப்படியே வரும். சிவமண்ணையின் குரலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய மனிசியிடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்த அன்றே அவர் எனக்கு அடியும் தந்து வேலையும் தந்தார்.

அந்த மாரிகாலத்தில் சூறாவளி வந்தது. கடல் எழும்பிக் கரையோர வீடுகளைக் கழுவிக்கொண்டு போனது. கடையில் மிஞ்சினது ஒரு அம்ப்ளிபையர், ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு ட்ரக்டர் பற்றறி, பிறகு நான். சண்டையோடு கரன்ட் எங்கள் ஊரை விட்டுப் போய் வருசக்கணக்கு. ஆகவே அந்தப் பழியைச் சூறாவளியின் தலையில் போட முடியாது. சனமெல்லாம் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஏறி இருந்தது. நாங்களும் குழாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம்.

விதானையாரின் பல்

முதன்முதலில் பேக்கரிப் பாண் வந்தது. இருந்த சனத்தில் பாதிக்குக்கூடக் காணாது. ஊருக்கு அரசாங்க அதிகாரி என்ற முறையில் விதானையார் ஒரு கதிரையில் ஏறி நின்று "வரிசை, வரிசை" என்று கத்தினார். ஒருத்தரும் கேட்கவில்லை. கத்திக் கத்திக் குரல் அடைத்து, கடைசியில் வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. நான் மைக்கை எடுத்து, அவருடைய பல்லைக் கடித்த குரலிலேயே, "பிள்ளைத்தாய்ச்சியள் முன்னுக்கு. குஞ்சு குருமானுகள் அதுக்குப் பின்னாலை. சண்டியர்மார் எல்லாருக்கும் கடைசியிலை. நான் விதானை கதைக்கிறன், கேக்குதோ?" என்றேன்.

கூட்டம் திடுக்கிட்டு நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பக்கென்று சிரித்தாள். சிரித்துப் போட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு அழத் தொடங்கினாள். ஆனால் வரிசை வந்துவிட்டது. விதானையார் கதிரையால் இறங்கி என்னை நோக்கி வந்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன்: அவர் கட்டியிருந்தது ஆருடையவோ சாரம். அவருடைய வீடும் போய்விட்டது. என்ரை தோளில் கையை ஊன்றிக்கொண்டு, அந்த இல்லாத குரலில் சொன்னார்: "நீயே விதானையா இரு, தம்பி. நான் உதிலை கொஞ்சம் இருந்து அழுதிட்டு வாறன்."

செத்தவீட்டுக் குரல்

மீன்பிடிக்கிற அருளப்பு அண்ணை சூறாவளிக்கு முதல் நாள் வலை எடுக்கப் போனவர். புது வலை. விட்டால் கடல் கொண்டுபோய்விடும் என்று, சொல்லச் சொல்லக் கேளாமல் வள்ளத்தைத் தள்ளினவர். வலையும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அவருடைய மனிசி ரீத்தாக்கா என்னிடம் வந்தா. தங்கள் ஆக்களைத் தேடி எல்லாக் கரையிலிருந்தும் சனம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருத்தராவது அவரைக் கண்டிருக்கலாம், அறிவிக்க வேண்டும் என்றா.

நான் மைக்கைப் பிடித்தேன். நல்லாய்ச் செய்யவேண்டும் என்ற நினைப்பு வேறு. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, "குருநகரைச் சேர்ந்த... மரியான் அருளப்பு அவர்கள்..." என்று தொடங்கினேன். 'அவர்கள்' என்று நான் முடிக்கவுமில்லை, பெண்டுகள் தலையில் கையை வைத்துக் குழறத் தொடங்கிவிட்டார்கள். கிடாரத்தில் கஞ்சி கிண்டினவர் அகப்பையைக் கீழே போட்டார். பாதரின் கோயிலில் மணி அடிக்கிறவர் எழும்பி ஓடிப்போய்ச் சாவு மணியையே அடித்துவிட்டார். தொழில் பழக்கம், என்ன செய்கிறது? வாயில் ஒரு சாவும் இல்லை, குரல் முழுக்கச் சாவு. ரீத்தாக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தா: "உவன்ரை வாயிலை மண்ணை அள்ளிப் போடுங்கோ! அந்தாள் வலை எடுக்கப் போனது. செத்துப் போகேல்லை!"

பயத்தில் மற்றக் குரலுக்குப் பாய்ந்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே! நம்மூர் அருளப்பு அவர்கள், பச்சைக் கோடு போட்ட சாரம் அணிந்து..." என்று உற்சாகமாய் ஏற்றி இறக்கிச் சொன்னேன். சிவமண்ணை ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். "மடையா, அந்தாள் காணாமல் போட்டுது. மாப்பிள்ளையா வந்து இறங்குது எண்டே சொல்லுறாய்?"

விழுந்த வாழை

தோட்டக்காரரின் ஊரான இணுவிலிலிருந்து கந்தையர் என்று ஒருவர் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வாழைக்காய்க் குலைகளை நிரப்பிக்கொண்டு வந்தார். முற்றாத காய்கள், விரல் மொத்தம்கூட இல்லை. அறிவித்தால் மனிசன் குளிர்ந்துபோவார் என்று, "இணுவில் வள்ளல் கந்தையா ஐயா அவர்கள்" என்று தொடங்கினேன். அவர் மைக்கைக் கையால் பொத்தினார். அவருடைய தோட்டத்தில் ஒரு வாழையாவது நிற்கவில்லையாம். எல்லாம் முறிந்து கிடந்ததாம். இனி அடுத்த வருசம் வரைக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை. "விழுந்ததைத்தானே கொண்டந்தனான். பேர் சொல்லாதை," என்றார்.

அந்தக் காயை அவித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் இல்லாமல் ஒரு கறி வைத்தோம். எங்கள் கரையில் மீன் மச்சமில்லாமல் சோறு தின்னுகிறவன் பாயில் கிடக்கிற வருத்தக்காரன். யோசேப்பண்ணை அதிலும் பெரிய சண்டியன். மச்சமில்லாத பெரியவெள்ளிக்கிழமையைக்கூட முகத்தைச் சுழித்துக்கொண்டு கடத்துகிறவர். அவர் தட்டை வழித்து நக்கிப் போட்டு, கந்தையரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மீன் வாடி, வள்ளம், இரண்டு ஆடு எல்லாம் போனதை அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லி அழாதவர். கந்தையருக்குச் சொன்னது இவ்வளவுதான்: "மீன் இல்லாமல் இறங்காது எண்ட வாய் இது ஐயா. இப்ப உப்பில்லாமலும் இறங்குது, பாத்தியளே?"

பற்றறி

ரீத்தாக்காவுக்காக ஒரு குரலைக் கண்டுபிடித்தேன். அழுகையும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. பின்னேரம் சாப்பாட்டுக்கு வராத ஆளை தெரு ஒழுங்கை முடக்கில் நின்று கூப்பிடுகிற குரல். காலமையும் பின்னேரமும் அந்தக் குரலில் அருளப்பண்ணையைக் கூப்பிட்டேன். வந்து போகிறவர்கள் நின்று கேட்பார்கள். காணவில்லை என்று தலையை ஆட்டுவார்கள். ரீத்தாக்கா ஒவ்வொரு தலையாட்டலையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பா.

பற்றறி இறங்கத் தொடங்கியது. என்ரை குரல் அதில் தண்ணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. சார்ஜ் ஏற்றுகிற கடையின் மெசின் சேற்றுக்குள் கிடந்தது. சிவமண்ணை கல்நெஞ்சர் இல்லை, ஆனால் கணக்குப் பார்க்கிறவர். "கஞ்சிக்கும் மருந்துக்கும் கூப்பிடத்தான் இனி இது காணும். அருளப்புவை விட்டுவிடுவம்," என்றார். ரீத்தாக்கா குழாயின் வாயைக் கையால் துடைத்துவிட்டா. அது திட்டினதைவிட மோசம். அப்போது, பாண் வரிசையில் சிரித்து அழுதாளே, அந்தக் கைக்குழந்தைக்காரி, எழும்பி எங்களிடம் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சப் பெண்டுகள். அவள் சொன்னாள்: "கஞ்சி எங்கை கிடக்கெண்டு எங்கடை மூக்குக்குத் தெரியும், அண்ணை. எங்களைக் கூப்பிட வேண்டாம். அருளப்பண்ணையைக் கூப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு கஞ்சிக்கு ஒரு நாளும் நான் அறிவிக்கவில்லை. ஒருத்தரும் பிந்தி வரவுமில்லை. குழாயைக் கோயில் மணிக்கோபுரத்தில் ஏற்றி, கடல் பக்கம் திருப்பிக் கட்டினோம்.

கரகரப்பு

ஒரு பின்னேரம் ரீத்தாக்கா வந்து, "நீ எல்லாரையும் போலக் கதைப்பியாம். அந்தாளைப் போலக் கதைப்பியோ?" என்று கேட்டா. அருளப்பண்ணையைப் போல நான் எத்தனையோ தரம் கதைத்திருக்கிறேன். மீன் சந்தையில் அவர் ஏலம் கூறுகிறதைச் செய்துகாட்டி, அவரையே சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் இது பகிடியோ? வராது அக்கா என்றேன். "வரும், சொல்லு," என்றா.

மெல்ல, "ரீத்தா, வெத்திலைப் பையை எங்கையடி வைச்சனி?" என்றேன். கண்ணை மூடிக் கேட்டுப் போட்டு, "இல்லை. அந்தாளுக்குக் கொஞ்சம் கரகரப்பு," என்றா. திருப்பிச் சொன்னேன். "கடைசியிலை இழுவை காணாது." இழுத்தேன். ஒரு வாத்தியார் பாடம் கேட்பதுபோலத் திருத்தித் திருத்தி, கடைசியில் ஒருமுறை அது சரியாய் வந்து விழுந்தது. ரீத்தாக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "காணும். இனி ஒருத்தருக்கும் உதைச் செய்து காட்டாதை. அந்தாளின்ரை குரல் எனக்கு மறந்து போச்சோ எண்டு பயந்து போனன்."

ஒரு சேட்டு

கரையில் ஒரு சவம் ஒதுங்கியது. பள்ளிக்கூடமே எழும்பி ஓடியது. ஆனால் கிட்டப் போக எல்லாரும் ரீத்தாக்காவுக்கு வழிவிட்டு நின்றார்கள். முகத்தைப் பார்க்கிற நிலை இல்லை. குனிந்து பாதத்தைப் பார்த்தா, கையைத் தூக்கிப் பார்த்தா. "அந்தாள் இல்லை," என்றா. எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. வந்த கையோடேயே வெட்கமும் வந்தது. அவனும் ஆரோ ஒருத்தன்தானே. இளந்தாரி. மணிக்கட்டில் கோயில் நூல் கட்டியிருந்தது. எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஆருக்குத் தெரியும்?

ஆர் எடுத்து அடக்குவது என்று ஆம்பிளைகள் கதைத்துக்கொண்டு நிற்க, ரீத்தாக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு சேட்டும் வேட்டியும் கொண்டுவந்தா. வெள்ளத்தில் தலையில் வைத்துக் காப்பாற்றின சாமான்கள். அருளப்பண்ணை திருநாளுக்குப் போடுகிற சேட்டு. வந்து இறங்கினால் மாற்றக் கொடுக்க என்று அதை ஈரம் படாமல் வைத்திருந்தவ. "ரீத்தா, அது வேண்டாம்," என்று பாதர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அவனைத் துடைத்து, அந்தச் சேட்டைப் போட்டு, பொத்தான் தெறிகளை மேலிருந்து கீழ்வரை தன் கையாலேயே பூட்டினா. கந்தையர் ஊருக்குள் கேட்டுச் சேர்த்த பூசணிக்காயோடு வந்திருந்தார். அவர் தேவாரம் பாடினார், பாதர் செபம் சொன்னார். எது சரியோ அது அவனுக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டோம்.

திரும்பி வரும்போது சிவமண்ணை என் காதுக்குள் சொன்னார், பற்றறியில் இன்னும் ஒரு அறிவித்தலுக்குத்தான் உயிர் கிடக்கு என்று. மெல்லச் சொல்லத் தெரியாத மனிசன், ரீத்தாக்காவுக்குக் கேட்டுவிட்டது. பின்னேரமாகிக்கொண்டு வந்தது, அருளப்பண்ணையைக் கூப்பிடுகிற நேரம். நான் மைக்கைக் கையில் எடுத்து அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ கடலைப் பார்த்தா. பிறகு சொன்னா: "அந்தாளை விடு. கையிலை நூல் கட்டின ஒரு பெடியன் இஞ்சை கிடக்கிறான், வடிவா அடக்கம் செய்தாச்செண்டு சொல்லு. அவன்ரை ஆக்கள் எங்கையோ ஒரு கரையிலை நிக்கும். என்ரை மனிசன் எந்தக் கரையிலை ஒதுங்கினாலும், அங்கையும் ஒருத்தி தெறி பூட்டிவிடட்டும்."

அப்படியே சொன்னேன்; பற்றறியும் அதோடு முடிந்தது. அந்த மாரியில் நான் கூப்பிட்டு ஒருத்தரும் வரவில்லை என்றாலும், கூப்பிடுகிறதை நிப்பாட்டு என்று, கணக்குப் பார்த்த சிவமண்ணையைத் தவிர, ஒருத்தரும் சொல்லவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே லாபம்.