பாதிரியார் கேட்ட மேளம்

என் தாய்மாமன் மெட்ராஸில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்குச் செஞ்சிக்கு வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். அந்த வருஷம் ஒரு பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதாவது, நம் கோட்டையைக் கோனார் ராஜாக்கள் ஆண்ட காலத்தில் கப்பலேறித் தென்னாட்டுக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் பயணக் கதையை. கடை சாத்தியபின் மாமா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல வீடே சிரித்தது. நாய்முகம் கொண்ட மனிதர்களாம்! மிளகுக் காட்டில் நெருப்பு வைத்துப் பாம்பை விரட்டுவார்களாம்! மளிகைக்கடைக்காரரான நைனாவுக்கு மிளகு விஷயத்தில்தான் ரோஷம் வந்தது.

"கூசாம புளுகியிருக்கான்யா!"

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நைனாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். கடலூரில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்கவேண்டும் என்று அவளுக்கு உயிர். ஊர் சிரிக்கும் என்று நைனா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கோயில் திருவிழாவுக்குக்கூட அவளை விடுவதில்லை.

ஒருநாள் மாமா நாய்முகக்காரர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு வேறு பக்கத்தைப் பிரித்தார். எனக்குக் கோபமான கோபம். இந்த நாட்டில் புருஷன் செத்தால் பெண்டாட்டியையும் சிதையில் ஏற்றுவார்கள், அவள் கத்துவது கேட்காதபடி மேளம் அடிப்பார்கள் என்று எழுதியிருந்தாராம் பாதிரியார்.

நைனா சோற்றில் வைத்த கையோடு எகிறினார். "அதுவும் புளுகு! நம்ம வூட்லயுந்தான் ஒரு பொண்ணு அப்பிடி வந்து குந்திக்கினு இருக்குது. கொளுத்திட்டமா இன்னா?"

ரசச் சட்டியோடு நின்ற அத்தை சொன்னாள்: "மேளந்தான் அடிக்கலண்ணா."

நைனா இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கத்தை அவர் வேண்டுமென்றேதான் எடுத்தார் என்று இன்றைக்குத் தெரிகிறது.

பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நைனாவே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தையைக் கடலூர் பஸ் ஏற்றப் போனார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. அத்தைக்கு மேளமென்றால் ஆசை, பாவம், வாய்விட்டுக் கேட்டும் ஒருத்தரும் அடிக்கவில்லையே என்று நான் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பஸ் நகர்ந்ததும் டமடமவென்று தட்டினேன்.

நைனா பாய்ந்து வந்து டின்னைப் பிடுங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் சத்தம் போட்டால் நைனாவுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.