நடுவட்டத்துக் கீறல்

கலஹாவிலிருந்து ஒரு கிழவி, பழைய சேலையில் சுற்றிய இங்கிலீஷ் பாட்டு ரெக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்குறணைக்குப் போனால் உங்களுக்கு என்ன வந்தது? தெரியாவிட்டால் சோறு இறங்காதா? நான் என்ன, தோட்டத்துக் கொழுந்தைத் திருடிக்கொண்டா போனேன்? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். உட்காருங்கள். "பிறகு என்ன, பிறகு என்ன" என்று பிடுங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் கண் நல்ல கண். தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து குச்சி பொறுக்கிய கண். மயிர் அளவு குச்சி கிடந்தாலும் விரல் தானாகப் போய் எடுக்கும். அந்தக் கண்ணால்தான் வினை வந்தது.

தோட்டத்துப் பெரிய துரை மாற்றலாகிப் போனபோது, வேண்டாத சாமான்களைப் பங்களாப் புல்தரையில் பரப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆளுக்கொரு கதிரை, ஆளுக்கொரு சட்டி என்று தூக்கினார்கள். நான் பாட்டுப்பெட்டியையும் அதோடு கிடந்த ஒரேயொரு ரெக்கோட்டையும் தூக்கினேன். பாடியவள் உலகத்துக்கே தெரிந்த பாட்டுக்காரியாம். எனக்குத்தான் தெரியாது. மட்டையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், சீனி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

அவள் பாடியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காததால் அலுக்கவும் இல்லை. விளங்குகிற பாஷையில் என் வீட்டுக்காரர் பேசியதே பாதி நாள் அலுத்துப்போகும்.

அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கென்று வட்டம் போடுகிற கவராயம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம். அந்தக் கூர்முனையால் கதிரை, கதவு, அலுமாரி என்று கண்டதிலெல்லாம் தன் பெயரைக் கீறி வைத்திருந்தான். ஒருநாள் ரெக்கோட்டைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றுகிற இடம் இருக்கிறதே, நடுக்காகிதத்தைச் சுற்றி வழுவழுப்பாக, அங்கே கோழி கிளறியது போல ஒரு கீறல். இரண்டு மூன்று எழுத்து, ஒரு எண், பக்கத்தில் ஒரு சுழி.

ஈர்க்குமாற்றை எடுத்துவிட்டேன்.

"நான் இல்லம்மா! சத்தியமா நான் இல்ல!"

"கவராயம் யாருகிட்டடா இருக்கு? எங்கிட்டயா?"

அடித்ததோடு விட்டிருக்கலாம். வாசலில் நின்று, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் அத்தனைக்கும், முழு லயத்துக்கும் கேட்கக் கத்தினேன். அன்றிலிருந்து அவன் பெயர் 'கீறல்' என்று ஆகிவிட்டது. அவனுடைய கல்யாணத்தன்று கோயில் வாசலில்கூட, "தாலி கட்டுறப்ப கழுத்துல கீறிடாத மாப்ள" என்றார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

இப்போது அவன் கடுகண்ணாவையில் ரேடியோ, போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். என் பாட்டுப்பெட்டி மூன்று தடவை செத்தது. மூன்று தடவையும் அவன்தான் உயிர் கொடுத்தான். ரெக்கோட்டை மட்டும் தொடமாட்டான். புது முள் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பான்.

"நீங்களே வைங்கம்மா. நான் தொட்டா கீறும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நாற்பது வருஷமாக அதே சிரிப்பு. தொட்டாற்சிணுங்கி முள் காலில் ஏறினால் தெரியுமே, கண்ணுக்குத் தெரியாது, நடந்தால் குத்தும், அப்படி.

அதே ரெக்கோட்டை ஒவ்வொரு நாட்டிலும் அச்சடித்ததாகச் சேர்க்கிற பைத்தியத்தையும் எனக்குப் பிடிக்கவைத்தவன் அவன்தான். கடைக்கு வந்த யாரோ ஒருவரிடமிருந்து இந்தியாவில் அடித்ததை வாங்கி வந்தான். பிறகு ஜெர்மனியில் அடித்தது. பிறகு ஜப்பான். ஒரே பாட்டு, ஒரே பாட்டுக்காரி, ஒரே சிரிப்பு. பார்சலின் டேப்பைக்கூடப் பிரிக்காமல் என் கையில் தருவான்.

எது எந்த ஊர் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். இந்திய மட்டை மெலிசு, சிரிப்பும் கொஞ்சம் மங்கல். ஜெர்மன்காரனுடையது மட்டையின் மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும். ஜப்பான்காரன் மட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டி போட்டிருப்பான், கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டியாணம் போட்டது போல. படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இந்த மூன்றிலும் நடுவட்டத்தில் எந்திரம் குத்திய நேரான எண்கள்தான் இருந்தன. கிறுக்கல் இல்லை. அதனால் என் மகன் மேல் வைத்த பழி எனக்கு இன்னும் உறுதியாகத்தான் பட்டது.

போன மாதம் மகனுக்குத் தெரிந்த அக்குறணைக் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். பழைய மணிக்கூடு, ரேடியோ, ரெக்கோட் எல்லாம் வாங்கி விற்கிற மனுஷர்.

"அம்மா, இங்கிலாந்துல அடிச்சது ஒண்டு வந்தீக்கி. ஒங்கட பழையதயும் கொண்டு வாங்க, ஒப்பிட்டுப் பாப்பம்."

போனேன். இரண்டையும் மேசையில் வைத்தார். மட்டை ஒன்றுபோல, நடுக்காகிதத்தின் நிறம் ஒன்றுபோல, தூக்கிப் பார்த்தால் பாரமும் ஒன்றுபோல. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு என்னுடையதன் நடுவைக் குனிந்து பார்த்தார்.

"அங்க பாக்காதீங்க மொதலாளி. எங்க வீட்டுப் பய சின்னதுல கிறுக்கி வச்சிருக்கான்."

அவர் கண்ணாடியை நகர்த்தினார். மற்றதைப் பார்த்தார். திரும்பவும் என்னுடையதைப் பார்த்தார்.

"அம்மா, ஒங்கட மகன் இங்கிலாந்துக்குப் போனயா?"

"கொழும்புக்கே நாலு தடவதான் போயிருப்பான்."

"அப்ப இதுலயும் எப்பிடிக் கீறின?"

கண்ணாடியை என்னிடம் தந்தார். அதே எழுத்து. அதே எண். பக்கத்தில் அதே சுழி.

கொக்கிஸ் பலகாரம் சுடுகிற அச்சை வைத்துத்தான் எனக்கு விளக்கினார். அச்சில் ஒரு கீறல் இருந்தால், அதில் முக்கிப் பொரிக்கிற எல்லாக் கொக்கிஸிலும் அந்தக் கீறல் விழும் இல்லையா? அதுபோல, முதல் தட்டை வெட்டுகிற ஆள் அடையாளத்துக்காக ஊசியால் கையெழுத்தில் எழுதி வைப்பானாம். அந்த அச்சில் அடித்த அத்தனை ரெக்கோட்டிலும் அது இருக்குமாம். சேர்க்கிறவர்கள் முதலில் தேடுவதே அதைத்தானாம்.

கண்ணாடியை வைத்து இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். கதிரையை இழுத்துப் போட்டார். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. "சும்மா ஈங்கம்மா, கீறினது மகன் இல்லண்டா சந்தோஷம் தானே" என்றார். சந்தோஷம்தான். ஆனால் அடித்த கை என் தோளில்தானே தொங்குகிறது, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்? புறப்படும்போது ரெக்கோட்டோடு அந்தக் கண்ணாடியையும் பையில் போட்டுவிட்டார். "மகனுக்குக் காட்டிட்டுத் தாங்க." அந்த மனுஷர் நன்றாக இருக்கவேண்டும். அடுத்த முறை போகும்போது நல்ல தூளாக அரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகன் வந்தான். மன்னிப்பு என்கிற சொல் என் வாயில் வராது. அதனால் ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து வைத்தேன், அவனுக்குப் பிடிக்கும். சாப்பிட்டதும் இரண்டு ரெக்கோட்டையும் முன்னால் வைத்தேன்.

"எடுத்துப் பாரு."

"நீங்களே எடுங்கம்மா. நான் தொட்டா..."

"தொடுடா! கீறினது நீ இல்ல."

கண்ணாடி வழியாக ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ரேடியோவின் வயிற்றுக்குள் பார்க்கிற அதே முகம். நான் மூக்கைச் சிந்துவதுபோல் முந்தானையை எடுத்துக்கொண்டேன்.

"நான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றான், மெதுவாக.

"சொன்ன. இந்தச் சனியன் புடிச்ச காதுதான் கேக்கல."

பிறகு தலையைச் சொறிந்தான்.

"அடி ஒண்ணும் வீணாப் போகலம்மா. கித்துள் பாணிப் போத்தல் ஒடஞ்சிச்சே, ஞாபகம் இருக்கா? அது பூனை இல்ல. நான்தான்."

அட பாவி! அந்தப் பூனையை இரண்டு நாள் வீட்டுக்குள் விடாமல் துரத்தினேனே! அதனிடம் போய்ச் சொல்ல அது இருக்கிறதா இப்போது? இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. பிறகு அவனே ரெக்கோட்டை உறையிலிருந்து எடுத்தான். விளிம்பில் மட்டும் கை படும்படி, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல. பெட்டியில் வைத்தான். முள்ளையும் அவனே இறக்கினான். அவள் பாடினாள். அன்றைக்குத்தான் ஏதோ விளங்கியது போல இருந்தது.

முழு லயத்துக்கும் கேட்கப் பழி சொன்னவள், வீட்டுக்குள் மட்டும் மாற்றிச் சொன்னால் போதுமா? மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். அன்றைக்கு என் சத்தத்தைக் கேட்டவர்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். "என்ன, நேத்து ஒரே பாட்டும் சிரிப்பும்?" என்று கேட்டார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அன்றைக்குக் கத்தியதைவிடப் பலமாகச் சொன்னேன்:

"எம் மகன இனி யாராச்சும் கீறல்னு கூப்புட்டா பல்லு இருக்காது. கீறினவன் இங்கிலாந்துல இருக்கான். இந்தப் பக்கம் வந்தான்னா ஒரு சத்தம் குடுங்க. எம் மகன் வாங்குன அடியெல்லாம் அவனுக்குச் சேர வேண்டியது. ஈர்க்குமாறு கதவுக்குப் பின்னாலதான் இருக்கு."