நான் கத்தாமல் இருந்த இரண்டு வருஷம்

என் மகள் பேஸ்பால் ஆடுகிறாள் என்று சொன்னால் சாலைக் கடைத்தெருவில் யாரும் உடனே நம்புவதில்லை. "சினிமாவில அடியாளுங்க தூக்கிட்டு வருவானுங்களே, அந்த மட்டையா?" என்று கேட்பார்கள். அதே மட்டைதான். அவள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேர் தாமாகவே தள்ளி உட்காருவார்கள். அந்த ஒரு லாபத்தைத் தவிர, அந்த ஆட்டத்தால் எனக்குக் கிடைத்ததெல்லாம் வயிற்றெரிச்சல்.

நானும் என் வீட்டுக்காரரும் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருக்கிறோம். சேலையைக் கொண்டு வந்தால் அதே நிறத்தில் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கடையில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று என் வாய்க்குப் பழகிவிட்டது. மகளுக்குப் பள்ளி, கல்லூரி, கூட்டுக்காரிகள் எல்லாமே மலையாளம்தான். தமிழ் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்.

கிரிக்கெட் எனக்குச் சின்ன வயதிலேயே பைத்தியம். அண்ணன்மாரோடு சண்டை போட்டு டிவிக்கு முன்னால் இடம் பிடித்தவள் நான். அதனால் மகள் பிளஸ் டூ படிக்கும்போது பேஸ்பால் அணியில் சேர்ந்ததும், மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். சட்டதிட்டங்களை அவள் சொல்ல வரும்போதெல்லாம் "தெரியும் மக்ளே" என்று சொல்லிவிடுவேன். பாதிதான் தெரியும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்களுக்கு ஒரு எதிரி வாய்த்தது. நெடுமங்காட்டைத் தாண்டி, பொன்முடி போகும் வழியில் இருக்கிற ஒரு கல்லூரியின் அணி. விதுரா, கல்லாறு என்று மலை அடிவாரத்துப் பெண்கள். பயிற்சி ஆட்டங்கள் அவ்வப்போது நடக்கும்; வருஷத்துக்கு ஒரு முறை போட்டியில் இரண்டு அணிகளும் கட்டாயம் மோதும். ஜெயித்தவர்கள் மேலே போகலாம். எத்தனையோ வருஷமாக மேலே போனது அவர்கள்தான். மற்ற அணிகளிடம் தோற்றால் மகள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவாள். இவர்களிடம் தோற்றால் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடப்பாள்.

அவர்களுடைய பிட்சர், அதாவது பந்து எறிகிறவள், நல்ல உயரம். காலைத் தூக்கி, கையைப் பின்னுக்கு இழுத்து அவள் எறிந்தால் எங்கள் பிள்ளைகள் பந்து போன பிறகு காற்றை அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கேலரியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றியிருப்பவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் தமிழில் வாய்க்கு வந்தபடி கத்துவேன். "ஏட்டி நெட்டக்கொக்கே, கை சுளுக்கிக்கிடும்ட்டி, மெல்ல எறி." அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

மகளின் முதல் வருஷத்து ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன். கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் பின்னால் இருந்தோம். ஒருத்தி அவுட்; மூன்று பேர் ஆனால் முடிந்தது. என் மகள் இரண்டாவது பேஸில், அதாவது ஓடுகிறவர்கள் தொட்டு நிற்கிற திண்டில், நின்றாள். அவள் சுற்றி வந்துவிட்டால் சமன். அடுத்து வந்த பிள்ளை பந்தை ஓங்கி அடித்தாள். பந்து வானத்துக்குப் போயிற்று. கிரிக்கெட்டில் பந்து மேலே போனால் என்ன செய்வோம்? ஓடுவோம். பிடித்தால் அடித்தவள்தானே அவுட், ஓடுகிறவளுக்கு என்ன வந்தது? நான் எழுந்து நின்று, குடையைத் தூக்கி ஆட்டி, "ஓடு மக்ளே, ஓடு, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் ஓடினாள். பந்தைப் பிடித்துவிட்டார்கள். பேஸ்பாலில் பந்தைப் பிடிக்கும்வரை ஓடுகிறவள் தன் பேஸை விடக் கூடாது, விட்டிருந்தால் திரும்பி வந்து தொட வேண்டும். இது எனக்குத் தெரியாத பாதியில் இருந்தது. அவள் திரும்புவதற்குள் பந்து இரண்டாவது பேஸுக்கு வந்துவிட்டது. ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். ஆட்டம் முடிந்தது. நெட்டைக்காரியை நடுவில் விட்டு அவர்கள் குதித்தார்கள். என் மகள் மூன்றாவது பேஸுக்குப் பாதி வழியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பிள்ளைகளின் கோச் அவளிடம் போய் என்னவோ கேட்டார். அவள் கேலரியைக் கையால் காட்டினாள். பிறகு அவர் என்னிடம் வந்தார். மரியாதையானவர். "சேச்சி, இனி கேலரியிலிருந்து ஒண்ணும் விளிச்சுப் பறயருது" என்றார். இங்கிருந்து இனி எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று அவ்வளவு பேர் முன்னால் எனக்குச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இனி நீ வரண்டாம்மா."

நான் போகவில்லை. ஆட்டத்துக்கு மட்டுமில்லை, பயிற்சி பார்க்கவும் போகவில்லை. சட்டதிட்டம் முழுவதையும் போனில் பார்த்துப் படித்தேன். அமெரிக்காக்காரர்கள் ஆடுவதைக் காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே பார்த்தேன். அங்கே யாராவது பந்து காற்றில் இருக்கும்போது பேஸை விட்டு நகர்ந்தால் அடுப்படியில் நின்று "நில்லுடா" என்பேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்பார். அவருக்கு எல்லாம் தமாஷ்.

இரண்டாம் வருஷ ஆட்டத்தன்று நான் கடையிலேயே இருந்தேன். சாயங்காலம் மகள் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கு ஓட்ட வித்தியாசத்தில் தோல்வி. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் இல்லாமலும் தோற்றார்கள், அப்படியென்றால் தோற்றதற்கு நான் காரணமில்லை. அவ்வளவுதான் நினைத்தேன். அதை முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"உனக்கு இப்ப சந்தோஷமாம்மா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "காப்பி போடட்டா?" என்று கேட்டேன். அதன் பிறகு ஒரு வருஷம் அவள் என்னிடம் பேஸ்பால் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. முட்டியில் காயத்தோடு வந்தால் பஞ்சும் மருந்தும் எடுத்து மேஜையில் வைப்பேன். அவளே போட்டுக்கொள்வாள்.

இந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். இதோடு கல்லூரியும் முடிகிறது, அந்த அணியும் முடிகிறது. மதியத்துக்கு மேல் ஆட்டம் என்று அவள் அப்பாவிடம்தான் சொன்னாள், என் காதில் விழும்படியாக. கிளம்பும்போது வாசலில் ஷூ கயிற்றைக் கட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வா என்று சொல்லப்போகிறாளோ என்று கையில் கரண்டியோடு நின்றேன். சொல்லவில்லை.

கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செங்கல் நிறச் சேலைக்கு மெரூன் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் ஒரு நாளும் துணி கிழிக்காதவள் நான். அந்த அம்மாள் திரும்பி வந்து, "இது எந்து களர்?" என்று கேட்டதும் வீட்டுக்காரர் துணியை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ போயிட்டு வா. இங்க இருந்தா கடைய மூட வேண்டியதுதான்" என்றார்.

கிழக்கே கோட்டையில் நெடுமங்காடு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போனேன். உள்ளே போக மாட்டேன். பார்க்க மாட்டேன். மதிலுக்கு வெளியே நிற்பேன். வராதே என்றவளின் சொல்லைக் காப்பாற்றிய மாதிரியும் இருக்கும், வந்த மாதிரியும் இருக்கும்.

மைதானத்து மதில் ஆள் உயரத்துக்கு மேலே. எதிரே ஒரு பேக்கரி. அதன் வாசலில் நின்றேன். அலுமினிய மட்டையில் பந்து பட்டால் டங் என்று ஒரு சத்தம் வரும். பிறகு கூச்சல். யாருடைய கூச்சல் என்று தெரியாது. அடித்தது நாமா அவர்களா, பிடித்தார்களா விட்டார்களா, ஒன்றும் தெரியாமல் அங்கே நிற்பது பெரிய கொடுமை. மதிலில் ஒரு இடத்தில் கல் பெயர்ந்து ஓட்டை இருந்தது. அதன் பக்கமே போகாமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மழை பெய்து ஓய்ந்தது. பேக்கரிக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "இரிக்கு சேச்சி" என்றார். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மூன்று சாயா குடித்தேன்.

கடைசியில் ஒரு கூச்சல் வந்தது. அது நிற்கவேயில்லை. விசில், கைதட்டல், யாரோ டப்பாவைத் தட்டுகிறார்கள். முடிந்துவிட்டது என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. கேட்டிலிருந்து முதலில் வந்தவள் நெட்டைக்காரி. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து பேக்கரிக்கு வந்து ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டாள். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஜெயித்தோம் என்று தெரிந்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க உள்ள வரலயா?" என்றாள். தமிழில்.

கிளாஸை ஸ்டூலில் வைத்தேன். "நீ தமிழா?"

"பொன்முடியில எஸ்டேட்டு லயத்துல எங்க வீடு. அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறிக்கிறாங்க." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "நெட்டக்கொக்குன்னு கத்துவீங்களே," என்றாள்.

நிற்கிற தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "மன்னிச்சுக்கோ மக்ளே. யாருக்கும் புரியாதுன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்ல ஆன்ட்டி. எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்க வீட்டுலருந்து யாரும் வரமாட்டாங்க. பஸ்ஸும் கெடையாது, லீவும் கெடையாது. எல்லாரும் மலையாளத்துல கத்துறப்ப தமிழ்ல ஒரு சத்தம் வந்தா, திட்டுனாலும் நமக்கு யாரோ வந்திருக்காங்கன்னு இருக்கும். போன வருஷம் தேடுனேன். இன்னைக்கும் தேடுனேன்."

நான் அவள் தண்ணீருக்குக் காசு கொடுக்கப் போனேன். அவள் விடவில்லை. அவளுடைய அணி வேனில் ஏறிக்கொண்டிருந்தது. போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் என் மகள் வெளியே வந்தாள். உடம்பெல்லாம் செம்மண். கூட்டுக்காரிகள் அவளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் போல. என்னைப் பார்த்ததும் நின்றாள், பிறகு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் சேலையெல்லாம் சேறு.

"கண்டோ? பார்த்தியாம்மா? கடைசி ரன் நானாக்கும்."

"பார்க்கல. நான் இங்கதான் நின்னேன்."

"உள்ள வந்தாலென்ன?"

"நீதானட்டி வரண்டாம்னு சொன்ன."

அவள் கட்டியிருந்த கையை எடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஜெயிச்சாச்சுல்லா, இப்ப சொல்றேன். சீத்த விளிக்காத, திட்டாத. அன்னைக்கு நானாத்தான் ஓடினேன். பந்து யாரும் பிடிக்காம போயிடும்னு நெனச்சேன். சார் வந்து யாரு ஓடச் சொன்னதுன்னு கேட்டதும் பயந்துட்டேன். நீ அங்க எழுந்து நின்னு கையாட்டிட்டு இருந்த. அம்மான்னு சொல்லிட்டேன்."

"நான் ஓடுன்னு கத்தினேனே."

"அது கேக்கவே இல்லம்மா. அந்தச் சத்தத்துல கேலரிலருந்து யாரு குரலும் எங்களுக்குக் கேக்காது."

ஒருத்திக்குக் கேட்டது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. கோபம் அப்படி வந்தது எனக்கு. இரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருஷமும் நான் கேலரியில் உட்கார்ந்திருப்பேன். தோற்றதைப் பார்த்திருப்பேன், அவளோடு சேர்ந்து அழுதிருப்பேன். மேலே போய் ஆடினாலும் இனி அவளுக்கு அந்த எதிரி இல்லை. அவர்களை அவள் ஜெயித்த ஒரே ஆட்டம் மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்துவிட்டது. குற்றத்தைச் சுமந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. என் சத்தம் தப்பாகவாவது அவளிடம் போய்ச் சேர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லையாம்.

"அம்மா, தேஷ்யமா? கோவமா?" என்றாள்.

"ஆமா," என்றேன். "ரொம்ப."

அவள் அழுதாள். ஜெயித்த அன்று பிள்ளையை அழவைத்தவள் என்று பேக்கரிக்காரர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். நான் அவளுக்கு ஒரு சாயா சொன்னேன். ஆட்டத்தை முதல் பந்திலிருந்து சொல்லு என்றேன், ஒன்றையும் விடக் கூடாது என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டு பஸ் போயிற்று. அவள் கடைசி ரன்னுக்கு வந்தாள். அடித்தவள் பந்தை மேலே தூக்கிவிட்டாளாம், இவள் பேஸை மிதித்துக்கொண்டு நின்றாளாம், பிடித்ததும் ஓடினாளாம். நான் அங்கேயே, ரோட்டோரத்தில், ஸ்டூலை விட்டு எழுந்து நின்று, ஓடு மக்ளே, ஓடு என்று கத்தினேன்.

இந்தத் தடவை அவளுக்குக் கேட்டது. ஆனால் அவள் எப்போதோ ஓடி முடித்திருந்தாள்.