கம்பிவேலி வாசலில் ஒரு ராஜா

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாதென்று, ரப்பர்ப்பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கம்பிவேலி வாசலில் சோதித்த, வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த நான், அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். தூக்கிய முன்பல், ரப்பர்ப்பால் ஒட்டிக் கறுத்த விரல்கள். சோற்றை வெளியே கொண்டுபோக முடியாதே! அதனால் தினமும் வாசலிலேயே, இரண்டு கையிலும் வாளியோடு நிற்கும் புருஷனுக்குக் கடைசி நிமிஷம்வரை ஊட்டுவாள். பசி தாங்காமல் இன்னொரு முறை மயங்கி விழுந்தால் வேலை போய்விடும் என்று, ஆட்களை மேய்க்கும் மண்டோர் எச்சரித்திருந்தார்.

"என்னாக்கா, மாப்பிள்ளைக்கு இன்னும் பல்லு முளைக்கலயா லா?" என்று குமரிகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஆர்வம் தாங்காமல் கேட்டேன்: "காதல் கல்யாணமாம்மா?"

"அட போங்க வாத்தியாரே! அப்ப இவரு தோட்டத்து நாடகத்துல ராஜா. பொண்ணுங்க எல்லாம் இவரு பின்னாலதான். என்னைத் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. காய்ச்சல்ல விழுந்தாரு, ஒருத்தியும் எட்டிப் பாக்கல. நான்தான் கஞ்சி கொண்டுபோனேன்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாய் நிறையச் சோற்றோடு அவர் அந்தக் குமரிகளைப் பார்த்து வயிற்றை எக்கி நெஞ்சை நிமிர்த்தினார். அவள் கவனித்துவிட்டாள். மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வாயத் தொறங்க, ராஜா."

அது கோபமா, கொஞ்சலா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாயைத் திறந்தார். கண் மட்டும் அங்கேயே இருந்தது.