பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்ற பென்சில்

1. முதல் நாள் வாங்கிய திட்டு

நாடகத்தில் ப்ராம்ப்டர் என்று ஒருவன் இருப்பான். மேடையோரம் சைடு விங்கில் வசன நோட்டோடு உட்கார்ந்து, நடிகர்கள் வசனத்தை மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. பகலில் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காகவும், மற்ற நேரத்தில் காஞ்சிபுரத்து நாடகக் குழு ஒன்றில் ப்ராம்ப்டராகவும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இரண்டு வேலையிலும் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாம் சரியாக நடந்தால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகம் ‘வடிவு சிங்காரம்’. குழுவை ஆரம்பித்த பெரியவர் எழுதியது. வடிவு, ஓரிக்கைப் பக்கத்து விவசாயி மகள். சிங்காரம், எதிர்க்கரையில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் மகன். நடுவில் பாலாறு. வீட்டார் ஒத்துக்கொள்ளாததால், திருமுக்கூடலில் சந்தித்து ஊரை விட்டே போய்விடலாம் என்று இருவரும் கிளம்புகிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து இருவரும் செத்துப்போகிறார்கள். இந்தக் கதை தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. தெரிந்த கதைக்கு அழுவதற்கென்றே துண்டோடு வருவார்கள்.

நான் சேர்ந்த முதல் நாள், “திரை வுழுந்ததும் செத்தவங்கள எழுப்பி வுட்டுடு” என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். திரை விழுந்தது. விங்கில் இருந்தபடியே, “வடிவு, எழுந்திரு” என்றேன். வடிவாக நடித்த பரமேஸ்வரி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்தில் சிங்காரமாகச் செத்துக் கிடந்த ராஜகோபால், கிடந்த வாக்கிலேயே கத்தினார்.

“யோவ், வடிவு செத்துட்டாய்யா! அவ எப்பிடி எழுந்துப்பா? பரமேசுன்னு கூப்புடு!”

எங்கள் குழுவின் வழக்கம் அது. மேடையில் செத்தவர்களை அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். அப்போதுதான் மேடைச் சாவு மேடையோடு போகும். அதன் பிறகுதான் மங்களம் பாடுவார்கள். அன்றைக்கு வாங்கிய திட்டுக்குப் பிறகு நான் ஒரு நாளும் பெயரை மாற்றிக் கூப்பிட்டதில்லை.

2. கமிட்டி

தென்னேரிப் பெண் எஸ்தர் எங்களைத் தேடி வந்தபோது ராஜகோபால் குழுவுக்குச் செயலாளராகியிருந்தார். சிங்காரம் வேஷத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தாலும், சிங்காரத்தின் கோபம் அவரை விட்டுப் போகவில்லை. எஸ்தர் சென்னையில் சினிமாக்களில் அசிஸ்டென்டாக இருந்தவள். ‘வடிவு சிங்கார’த்தைப் படமாக எடுக்க வேண்டும் என்றாள்.

ராஜகோபால் ஒரு நிபந்தனை போட்டார். படத்தை எடுத்து முடித்ததும் குழுவிலிருந்து மூன்று பேர் பார்ப்போம். நாங்கள் சரி என்றால்தான் வெளியே விடலாம். இல்லையென்றால் படம் பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான். இப்படி ஒரு காகிதத்தில் புத்தியுள்ள யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். அவள் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு வருஷம் வேறு வேலைக்கே போகாமல் இதிலேயே கிடந்தாள்.

கமிட்டியில் ராஜகோபால், பரமேஸ்வரி, நான். படம் பார்ப்பதற்கு முந்தின நாள் ராஜகோபால் எனக்குப் போன் பண்ணினார்.

“கன்னியப்பா, நோட்ட எடுத்துக்கினு வா. எந்தெந்த வசனத்தக் கடாசிட்டாளோ அங்கெல்லாம் பென்சில்ல கோடு போடு. வெள்ளத்துப் பாட்டயே தூக்கிட்டாளாம்பா! கோட்டக் காட்டியே முடியாதுன்னு சொல்லிடலாம்.”

வெள்ளத்துப் பாட்டு என்றால் கடைசி சீனில் சிங்காரம் ஆற்றைப் பார்த்துப் பாடுவது. நோட்டில் நாலு பக்கம். ராஜகோபால் அதைப் பாடினால் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும்.

அவர் சொன்னதற்காக மட்டும் நான் தலையாட்டவில்லை. எனக்கும் வயிற்றெரிச்சல்தான். வசனத்தை எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் என்ன இருக்கிறது? என் பாதி ஆயுள் அந்த வரிகளில்தான் போயிருக்கிறது. பார்க்காத படத்துக்கு மனசுக்குள் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் போனேன்.

3. காலைக் காட்சி

ஊரில் ஒரு தியேட்டரில், காலைக் காட்சிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். அத்தனை பெரிய கூடத்தில் நாங்கள் மூன்று பேர். எஸ்தர் உட்காராமல் கதவோரமாகவே நின்றாள்.

படம் ஆரம்பித்தது. செல்போன் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டேன். முதல் பக்கத்தில் மூன்று கோடு, இரண்டாம் பக்கம் முழுக்கக் கோடு. அறிமுகப் பாட்டு இல்லை. ஜோசியர் காமெடி இல்லை. ராஜகோபால் அடிக்கடி என் நோட்டை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. நாடகத்தில் வடிவின் காதல் வீட்டுக்குத் தெரியவரும் இடம். அம்மாவும் மகளும் ஐந்து பக்கம் சண்டை போடுவார்கள். படத்தில் வடிவு சாயப் பட்டறைக்குப் போகிறாள். சிங்காரத்தின் கை முழங்கை வரை அரக்குச் சிவப்பு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறிக் கிடந்த சாயத்தில் தன் வலது கையை மணிக்கட்டு வரை விடுகிறாள். வீட்டுக்கு வரும்போது கையை முந்தானையில் சுற்றி மறைத்துக்கொள்கிறாள். அம்மா தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். சாப்பிட வேண்டும் என்றால் கையை வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்கிறாள். அம்மா அந்தக் கையைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் இன்னும் ஒரு கரண்டி சோறு போடுகிறாள்.

ஐந்து பக்கமும் அந்த ஒரு கரண்டிச் சோற்றில் இருந்தது. பயமும் இருந்தது, கோபமும் இருந்தது, பெற்ற மனசும் இருந்தது. அதற்கு மேல் நான் நோட்டைப் பார்க்கவில்லை.

கடைசியில் வெள்ளம். எங்கள் மேடையில் இரண்டு பேர் நீலத் துணியைப் பிடித்து ஆட்டுவார்கள், அதுதான் வெள்ளம். இவள் நிஜப் பாலாற்றையே காட்டினாள், வெறும் மணலாக. வடிவு மணலில் நடந்து போகிறாள், பின்னால் அவள் காலடித் தடங்கள் மட்டும் தெரிகின்றன. அப்போது மேற்கேயிருந்து தண்ணீர் வருகிறது. விரல் அகலம்தான். சத்தமே இல்லை. ஒவ்வொரு தடமாக நிரப்பிக்கொண்டே அவள் பின்னால் போகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு. அதைப் பார்த்து அன்றைக்குத்தான் பயந்தேன்.

பிறகு வெள்ளம் வடிந்த கரை. இரண்டு பேரும் கிடக்கிறார்கள். இசை இல்லை. கேமரா நகரவில்லை. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கவே இல்லை.

“பரமேசு, எழுந்திரு!”

என் குரல்தான். தியேட்டர் முழுக்கக் கேட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த பரமேஸ்வரி சட்டென்று எழுந்து நின்றாள். முட்டிவலிக்காரி, ஒருவர் கை கொடுக்காமல் எழுந்திருக்க முடியாதவள். முகமெல்லாம் கண்ணீர்.

4. கேள்வி

விளக்குப் போட்டார்கள்.

“இன்னாய்யா பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றார் ராஜகோபால். குரல் கம்மியிருந்தது. கம்மியதை மறைக்க என் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார்.

“பன்னெண்டாம் பக்கத்துக்கு மேல ஒரு கோடும் இல்லியே. அதுக்கப்பறம் நம்ம வசனம் வந்துதா?”

“ஒண்ணுகூட வர்லங்க.”

“பின்ன? தூங்கிட்டியா?”

“மறந்துட்டேங்க.”

ப்ராம்ப்டர் சொல்லக் கூடாத வார்த்தை அது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற எஸ்தர் பக்கம் திரும்பினார்.

“படம் மங்களம் இல்லாம முடியுது. அது இருக்கட்டும். என் பாட்டு எங்கம்மா?”

எஸ்தர் கிட்டே வந்தாள்.

“சார், எங்க ஊர்ல நீங்க அந்தப் பாட்டப் பாடும்போது எனக்கு ஏழு வயசு. கூட்டமே உங்களையே பார்த்துக்கினு இருந்துச்சு. எனக்கு மட்டும் அந்தத் தண்ணியப் பார்க்கணும்னு இருந்துச்சு சார். நீங்க மறைச்சிக்கினு நின்னீங்க.”

செத்தாள் பெண் என்று நினைத்தேன். ராஜகோபாலிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அவர் வெள்ளைத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“மங்களத்த வுடுங்கண்ணா” என்றாள் பரமேஸ்வரி, இன்னும் நின்றபடியே. “அந்தப் பொண்ணுக்கோசரம் நான் எழுந்துட்டேன் இல்ல? அது போதும்.”

ராஜகோபால் காகிதத்தைக் கேட்டு வாங்கி, சீட்டின் கைப்பிடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எங்களிடமும் நீட்டினார். எஸ்தருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, “கடசி ரீல இன்னொரு தபா போடுவியாம்மா?” என்றார். இப்போதெல்லாம் ரீல் கிடையாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஆபரேட்டர் ரூமுக்கு ஓடினாள்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவர் உழைப்புக்குத் தீர்ப்புச் சொல்லப் போகும்போது கையில் நோட்டும் பென்சிலும் இருப்பதில் தப்பில்லை. குறை தெரியத்தான் செய்யும், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பென்சில் எந்த இடத்தில் தானாக நின்றுபோனது என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

மறுபடியும் விளக்கு அணைந்தது. வடிவு மணலில் இறங்கினாள். அவள் எந்த வரியில் சாவாள் என்று அத்தனை வருஷமாகத் தெரிந்தவன் நான். இருந்தும் வாய் நிற்கவில்லை. “வேணாம்மா, திரும்பிப் போயிடு” என்று அடி எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் இல்லாத வசனம் அது. பக்கத்தில் ராஜகோபாலும் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.