முக்கொம்புக்குக் கொண்டுபோன குடம்

முக்கொம்பு என்றதும் எனக்குப் பூங்காவோ ஊஞ்சலோ நினைவுக்கு வருவதில்லை. வாயில் துணி கட்டிய ஒரு பித்தளைக் குடம்தான் வருகிறது. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற அந்தத் தீவுக்கு, எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் நாங்கள் குடும்பத்தோடு சுற்றிப்பார்க்கப் போனோம். சுற்றிலும் ஆறு என்று தெரிந்தும், வீட்டிலிருந்து ஒரு குடம் குடிதண்ணீர் கொண்டுபோனோம். பூலாம்பாடிப் பக்கத்து மானாவாரி மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். "போற எடத்துல கெடைக்குமோ என்னமோ" என்றார் அம்மா. இரண்டு பஸ் மாறி, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் என் அண்ணி.

அண்ணிக்குத் திருமானூர். கொள்ளிடத்தில் குளித்து வளர்ந்தவரை, முக்கால் மைல் நடந்தால்தான் கிணறு என்ற ஊருக்கு அண்ணனுக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். தினமும் ஆறு குடம், ஆறு நடை. முக்கொம்புக்குக் கிளம்பிய அன்றுகூட விடியுமுன் ஆறையும் நிரப்பிவிட்டுத்தான் புடவை மாற்றினார். கல்யாணமான முதல் ஆடிக்குத் தாய்வீடு போனதோடு சரி. அதன் பிறகு எப்போது கேட்டாலும், "தண்ணிக்கு யாரு போறது?" என்பதுதான் அம்மாவின் பதில். அந்த வருஷம் அண்ணியின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அழுதவரைச் சமாதானப்படுத்தத்தான் அண்ணன் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். தாய்வீட்டுக்குப் பதில் முக்கொம்பு. எங்களுக்கு அது பெரிய மனசாகத்தான் தெரிந்தது, வெட்கக்கேடு.

அன்று கொள்ளிடத்து மதகுகளைத் திறந்து விட்டிருந்தார்கள். இருபது வயதில் கூச்சமில்லாமல் ஊஞ்சலாடி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், அண்ணி பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தத் தண்ணி எங்கூருக்குப் போவுமா?"

"கொள்ளிடந்தானே அண்ணி, போவும்."

"எப்பப் போயிச் சேரும்?"

"நாளைக்குள்ள போயிரும்."

"எனக்கு முன்னாடி போயிரும்" என்றார்.

திரும்பும்போது திருச்சி பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ் நின்றிருந்தது. அண்ணி முதல் முறையாக எல்லார் முன்னாலும் வாய் திறந்தார். "நான் இப்பிடியே தஞ்சாவூர் போயி மாறிப் போயிடறேன். அப்பாவப் பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன்." அம்மா கேட்டது அதே கேள்விதான். "நாளைக்குத் தண்ணிக்கு?" அண்ணன் தரையைப் பார்த்தான். வேலைவெட்டி இல்லாமல், வீட்டில் ஒரு சைக்கிளும் வைத்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆம்பளை தண்ணிக்குப் போனால் கிணற்றடியில் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். தஞ்சாவூர் பஸ் கிளம்பிப் போயிற்று. குடத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்ட அம்மா விடவில்லை. அண்ணி அதையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸில் ஏறினார்.

போன மாதம் பேரப்பிள்ளைகளோடு அங்கே போனேன். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். பிள்ளைகள் பூங்காவில் ஓடும் குட்டி ரயிலில் ஏறி இறங்கி ஏறி, எனக்குக் கால் வலி எடுத்துவிட்டது. அண்ணியையும் கூப்பிட்டிருந்தேன். வீட்டுக்குள் குழாய் வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் இடுப்பு நிமிரவில்லை. "தண்ணியப் பாத்ததெல்லாம் போதும் தம்பி, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கழித்து என்ன பேசி என்ன ஆகப்போகிறது என்று நானும் வற்புறுத்தவில்லை.

அன்றைக்கு முக்கொம்பு போய்வந்த அடுத்த மாதம், ஆவணியிலேயே, அண்ணியின் அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்துவிட்டது. அண்ணி கட்டிய புடவையோடு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தது நான்தான். சைக்கிள் கேரியரில் மூன்று குடத்தைக் கட்டி மிதிப்பேன். கிணற்றடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்த அண்ணி, அடுக்களையில் நிரம்பியிருந்த ஆறு குடத்தையும் பார்த்தார்.

"யாரு எடுத்தா?"

"நாந்தான் அண்ணி. சைக்கிள்ல."

"எத்தன நடை?"

"ரெண்டு."

"ரெண்டே நடையா" என்றார்.