செக்கானூரணியில் மாறி ஏறிய பஸ்

டீசல் புகையும், ஈரச் சாக்கில் கட்டி வைத்த மல்லிகையும், யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசனை வரும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன சனிக்கிழமை காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அது வந்தது. முகர்ந்ததும் நின்றுவிட்டேன். பயமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சின்ன வயதிலிருந்தே இந்த வாசனை என்னை இப்படித்தான் நிறுத்தி வைக்கும்.

என் கைக்குள் அக்கா மகன் செல்வத்தின் கை இருந்தது. அவனுக்கு எட்டு வயது. எங்களோடு செல்லூரில் தங்கி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறான். அக்கா உசிலம்பட்டி ரோட்டில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். காப்பரீட்சை லீவு விட்டாயிற்று, பையன் ஊருக்குப் போக வேண்டும். முந்தின வாரம் கத்தரிக்காய்ப் பையோடு வந்த அக்கா, காப்பியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"சனிக்கெழம காலைல பஸ்ல ஏத்தி விட்டுருடா. நா ரோட்டுல நிப்பேன்."

"தனியாவாக்கா?"

"பின்ன, மேளதாளத்தோடயா? இவன் வயசுல நீ போகல? செத்தா போயிட்ட?"

செல்வம் குதித்தான். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் கண்டக்டர் மாதிரி விசில் ஊதிக்கொண்டு திரிந்தான். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆபீசில் பெரிய பெரிய கோப்புகளைப் பார்த்து "அனுப்பலாம்" என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். ஒரு பொடியனை இருபது மைல் அனுப்ப முடிவெடுக்க முடியாமல் திணறினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வம் என் மடியில் வந்து விழுந்தான். "மாமா, நீங்க பஸ் மாறிப் போன கதையச் சொல்லுங்க." எங்கள் வீட்டில் அது ஒரு சிரிப்புக் கதை. கல்யாண வீட்டில், காதுகுத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல நானே அதை நன்றாக மெருகேற்றி வைத்திருக்கிறேன். அம்மா சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன்.

அப்போது எனக்கும் எட்டு வயதுதான். அம்மாவுக்குத் தம்பி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீடு ஒரே அறை. அதில் பாதியைத் தறி பிடித்திருந்தது. மீதிப் பாதியில் அம்மா, பச்சைப்பிள்ளை, பன்னிரண்டு வயது அக்கா, நான். என் சேட்டை தாங்காமல் என்னைப் பெரியம்மா ஊருக்கு அனுப்பிவிட முடிவானது. அப்பா தறியை விட்டு ஒரு மணி நேரம் எழுந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்த அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனார். உசிலம்பட்டி பஸ்ஸின் கண்டக்டரைத் தேடிப் பிடித்தார். அவர் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. காக்கிச் சட்டை போட்டிருந்தார், அது போதும்.

"அண்ணே, செக்கானூரணி தாண்டி புளியமரத்து ஸ்டாப்புல இவன எறக்கி விட்டுருங்க. எங்க மதினி வீடு ரோட்டு மேலேயே இருக்கு. இவனே போயிருவான்."

"ஏத்தி விடுங்கண்ணே. எறக்கி விட்டுருவோம்."

அம்புட்டுத்தான். மூட்டையைக் கூட இதைவிட அதிகம் விசாரித்துத்தான் ஏற்றுவார்கள். அப்பா ஜன்னல் வழியாக எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார். "ஆம்பளையாளுக பீடி குடிப்பாய்ங்க, இடிப்பாய்ங்க. பொம்பளையாளுக பக்கத்துல உக்காந்துக்க. அவுகள விட்டுப் பிரியாத. ஒனக்குத்தேன் எழுத்துக் கூட்டத் தெரியுமே, பயப்படாத." கடைசி வாக்கியத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்.

மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பொரிகடலை கொடுத்தார். செக்கானூரணியில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் படுத்தார், கண்டக்டர் அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கப் போனார். ஜனம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வேறு பஸ்ஸில் தொற்ற ஆரம்பித்தது. மஞ்சள் சேலை எழுந்தது. நானும் எழுந்தேன். அவர் குறுக்கு ரோட்டில் நின்ற இன்னொரு பஸ்ஸை நோக்கிப் போனார். நானும் போனேன்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த பஸ்ஸின் நெற்றியில் போர்டு இருந்தது. நான் நின்று, எழுத்துக் கூட்டி, தி-ரு-ம-ங்-க-ல-ம் என்று வாய்விட்டு வாசித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. வாசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

வாசிப்பதற்கும் நாம் போகிற இடத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வாத்தியார் முன்னால் போர்டு இருந்தால் வாசிக்க வேண்டும், அப்பா பெண்களை விட்டுப் பிரியாதே என்றால் பிரியக்கூடாது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். இதில் என் தப்பு எது என்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான்.

எங்கோ ஒரு கிராமத்தில் அந்த அம்மா இறங்கி, பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏ அய்யா, நீ ஆரு வீட்டுப் புள்ள? எங்கிட்டு வார?"

"ஒங்க கூடத்தேன்" என்றேன்.

ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார் போலிருக்கிறது. அவருடைய வீட்டுக்காரர் வாசலில் நின்று ஊரைக் கூப்பிட்டுச் சிரித்தார். "காதுகுத்துக்குப் போறேன்னு போனா, கையோட ஒரு புள்ளையப் பெத்துக்கிட்டு வந்திருக்கா பாருங்கப்பா!" அந்த அம்மா மட்டும் புலம்பினார். "பெத்தவ என்ன பாடு படுறாளோ." அதற்கு அவர், "அவ, பய ஊருல போயிச் சேந்துட்டான்னு இருப்பா. அங்கிட்டு உள்ளவுக, பய இன்னும் கெளம்பலன்னு இருப்பாக. காலைல ஏத்தி விடுவோம்" என்றார்.

எவ்வளவு சரியாகச் சொன்னார் பாருங்கள். போன் ஏது, தந்தி அடிக்க யாருக்குத் தோன்றும்? இரண்டு நாள் உலகத்தில் ஒருவர் கூட என்னைத் தேடவில்லை.

அவர்களுடைய மூத்த பையன் பெயர் ஒச்சு. என்னைவிட ஒரு பிடி உயரம். விடிந்ததும் அவனும் அவன் தம்பியும் என்னைத் தோட்டத்துக் கிணற்றுக்கு இழுத்துப் போனார்கள். மோட்டார் அறைக் கூரையில் ஏறி, அங்கிருந்து ஓடி வந்து கிணற்றுக்குள் பாய்ந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, வைகையில் மணலைத்தான் அதிகம் பார்த்தவன். ஒச்சு என் முதுகில் ஒரு சுரைக்குடுக்கையைக் கயிற்றால் கட்டினான்.

"செத்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"செத்துட்டா எங்க அய்யாகிட்ட சொல்லுவோம்" என்றான். சொல்லிவிட்டுத் தள்ளிவிட்டான்.

உள்ளே போனதும் பச்சை நிறமாக இருந்தது. காதுக்குள் தண்ணீர் ஙொய் என்றது. மேலே வந்தேன், இருமினேன், கிணற்றுச் சுவர்ப் பொந்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு என்னை எட்டிப் பார்த்தது. அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நானாகவே கூரையில் ஏறினேன். பச்சை நிலக்கடலையைப் பிடுங்கி மண்ணோடு தின்றோம். ஓடுகிற மாட்டு வண்டியின் பின்கட்டையில் தொங்கினோம். அன்று என்னை பஸ்ஸுக்குக் கூப்பிட்டபோது ஒச்சு என்னை வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்தான். "பயலக் காணோம், எங்கயாச்சும் மேஞ்சுட்டு வருவான்" என்று அவன் அப்பா வெளியே சொன்னது கேட்டது. வைக்கோல் முகத்தில் குத்த, மூச்சு முட்ட, நான் கிடந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வந்ததா? ரிசல்ட் வந்த அன்றும் வரவில்லை, வேலை கிடைத்த அன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒச்சுவின் அப்பா மோட்டார் சாமான் வாங்க மதுரைக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டி வந்து செல்லூர்ச் சந்தில் வீடு வீடாக விசாரித்து ஒப்படைத்தார். டிரவுசர்ப் பை நிறையக் கடலையோடு நான் வந்து நின்றேன். கதை முடிந்தது. இந்த இடத்தில் கைதட்டு விழும்.

செல்வமும் கைதட்டினான். அம்மா சிரிக்கவில்லை. சுளகைக் கீழே வைத்தார்.

"நீ வந்தது மத்தியானம். காலைலயே ஒங்க பெரியம்மா வந்துட்டா, புள்ளப் பெத்தவளுக்குக் கோழி எடுத்துக்கிட்டு. வந்தவ, 'எங்கடி பெரியவன்'னா. நா, அவ வெளையாட்டுக்குக் கேக்குறான்னு நெனச்சேன். ஒங்கப்பா பாதி நெசவுல தறி நாடாவக் கீழ போட்டுட்டு வெறுங்காலோட ஓடுனாரு."

எனக்கு இது ஏற்கெனவே தெரியும். அதற்கு மேல் அம்மா சொன்னதுதான் தெரியாது.

"ஒன் தம்பி வீல்வீல்னு கத்துறான். மாருல ஒரு சொட்டு இல்ல. அன்னைக்கு நின்ன பாலு அப்புறம் வரவே இல்ல. அவன் பசும்பால்ல வளந்தான்ல, எதுனாலன்னு நெனச்ச?"

தம்பி பசும்பாலில் வளர்ந்தவன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதனால் என்று நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷம் நான் அம்மா முன்னால் உட்கார்ந்து, அந்தக் கிணற்றையும் படப்பையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"அதுக்கப்புறமும் அடுத்த லீவுக்கு என்னயத் தனியாத்தான அனுப்புனீங்க?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"வேற ஆரு இருந்தா கூட வர? ஒங்கப்பா தறிய விட்டு எந்திரிச்சா அடுப்பு எரியாது. எனக்குக் கைப்புள்ள."

"பயமா இல்லையாம்மா?"

"பயந்துக்கிட்டேதேன் அனுப்புனேன்."

"அப்ப செல்வத்த அனுப்பவா, வேணாமா?"

"நீ படிச்சவன். என்னயக் கேக்குற?" என்று சுளகை எடுத்துக்கொண்டார்.

அப்பா உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அன்று நான் வந்து நின்றபோது, தேடி அலைந்து திரும்பியிருந்த அவர் அடிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. அந்தத் திருமங்கலம் பக்கத்து மனிதருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார்.

இப்படிக் குழம்பிய மண்டையுடன்தான் சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் நின்றேன். கண்டக்டர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அவரோ, "விடுங்க சார், நா எறக்கி விட்டுர்றேன். வா மாப்ள, இங்கன உக்காரு" என்று தன் பக்கத்து சீட்டைத் தட்டினார்.

செல்வம் உட்கார்ந்தான். ராஜா மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது புத்தி சொல்லப் பார்த்தேன். விசில் கொடுத்தார்கள். பஸ் நகர்ந்தது. என் கை கம்பியை விடவில்லை, கால் ஓடியது. வாசல் வந்ததும் ஏறிவிட்டேன்.

"என்ன சார், நீங்களும் வாரீங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

செல்வம் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. அழவில்லை. சமயநல்லூர்ப் பக்கம் போகிற ரோட்டைத் தாண்டியபின் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். "ஒங்கள ஆராச்சும் கூட்டிக்கிட்டுப் போனாங்களா மாமா?"

"இல்லடா."

"அப்ப எங்கூட மட்டும் ஏன் வாரீங்க?"

கண்டக்டரிடம் எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கினேன். ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஒன்னய ஆருடா கூப்பிட்டது?" செல்வம் இறங்கியதும் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வரப்பில் ஓடிப் போய்விட்டான். நான் வந்த பஸ் தூசி கிளப்பிக்கொண்டு போன பிறகும் ரோட்டிலேயே நின்றேன்.

எங்கள் காலத்தில் கூட வர ஆள் இல்லை. அம்மாவுக்குப் பால் நின்றதும், நான் படப்புக்குள் கிடந்ததும் அதனால்தான். இப்போது செல்வத்துக்குக் கூட வர ஆள் இருக்கிறது. அந்த ஆளுக்குச் சனிக்கிழமை லீவு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, தறியை விட்டு எழுந்தால் அடுப்பு அணையும் என்ற கவலை இல்லை. இது நல்லதுதான் என்று பத்துப் பேரிடம் சொல்லுவேன். ஆனால் செல்வத்துக்கு, கேட்கிறவர்களைக் கைதட்ட வைத்துச் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்கும், அதை நான் ஓடி வந்து ஏறி இல்லாமல் செய்துவிட்டேன்.